உள்ளே பஞ்சு

“ஏனுங்க, சுட்டுப்போடாதுங்களா?” என்று கை ஒடிந்து வந்த பஸ் கண்டக்டர் கேட்டார். “அதுக்குத்தானுங்க உள்ள பஞ்சு வெச்சிருக்கறேன்” என்று நான் சொன்னேன். இந்த மாவுக்கட்டு அறைக்கு வருகிறவர்கள், கை ஒடிந்தவரோ கால் ஒடிந்தவரோ, ஒருவர் தவறாமல் கேட்கிற கேள்வி இது. மாவு தண்ணீரைக் குடித்து இறுகும்போது சூடாகும், சூடு தெரிந்ததும் பயந்துபோய்க் கேட்பார்கள், நானும் முகத்தைக்கூடப் பார்க்காமல் இதே பதிலைச் சொல்வேன், எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், வாய்க்கே மனப்பாடம். ஆனால் இன்றைக்கு அந்த வாக்கியம் கண்டக்டருக்குப் போவதற்கு முன்னால் என் காதில் வந்து விழுந்துவிட்டது. உள்ள பஞ்சு வெச்சிருக்கறேன். எதுக்குள்ளே? இந்தக் கட்டுக்குள்ளே, சரி, தோலுக்கு மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் மாவு, ஓரத்தில் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சைலன்சர் பைப்புக்கு ஹீட் டேப் சுற்றினேனே, அதுக்குள்ளே? ஐயோ. அதுக்குள்ளே என்ன வைத்தேன்? என் இரண்டு கையும் கண்டக்டருடைய மணிக்கட்டை மேலும் கீழும் பிடித்திருக்கின்றன, முழங்கை வரைக்கும் மாவு வழிகிறது, டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கி என் கையில் கொடுத்து, “இறுகற வரைக்கும் விட்றாதீங்க சின்னராசு, விட்டா வெலகிக்கும்” என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். அசையக் கூடாது. அசையவும் முடியவில்லை.

இரு, இரு, பதறாதே, யோசித்துப் பார். அந்த வேன் பழைய ஆம்னி, இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும், மலையேறினால் சீட்டு அடுப்பு மாதிரி ஆகிவிடும், “ஏனுங்க, நான் வண்டி ஓட்டறனா, தோசைக்கல்லு மேல உக்காந்திருக்கறனா?” என்று துளசிமணி கேட்காத நாளில்லை. வீட்டில் வண்டி ஓட்டுவது அவள்தான். எனக்கு ஸ்கூட்டரே அதிகம். மகள் மேகலாவுக்கு வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது, மெத்தை, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அம்மாவும் மகளும் மலையேற வேண்டும், அதற்குள் இந்தச் சூட்டுக்கு ஒரு வழி பண்ணிவிடலாம் என்று மெக்கானிக் ஜாஹிரிடம் போனேன். அவன்தான் ஹீட் டேப்பைக் காட்டினான். கண்ணாடி நூலில் நெய்த பட்டை, வாழைநார்க் கலரில் ஒரு சுருள். “தண்ணில ஊற வெச்சு, ஈரத்தோட இறுக்கிச் சுத்தணுங்ணா, ஒரு சுத்து மேல அடுத்த சுத்து பாதி ஏறணும், கடைசியில ஸ்டீல் கிளிப் போட்டுட்டா பைப்போட சூடு பைப்புக்குள்ளயே போயிரும்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரில் ஊற வைத்து, ஈரத்தோடு, பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றுவதா? அதைத்தானேடா விடிந்தால் அடைந்தால் பண்ணிக்கொண்டிருக்கிறேன், எனக்கே சொல்லித் தருகிறாயா, கூலி எதுக்கு உனக்கு, டேப்பை மட்டும் கொடு என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். “வண்டிக்கும் கால் ஒடிஞ்சிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்றனுங்ணா” என்று பின்னாலிருந்து கத்தினான், நானும் கையை ஆட்டிக்கொண்டே வந்தேன். கொழுப்பு, கொழுப்பைத் தவிர வேறொன்றுமில்லை. அவன் கையாலேயே சுற்றவிட்டிருந்தால் என்ன, ராசா, எந்தக் கிரீடம் இறங்கியிருக்கும் உனக்கு?

சரி, பஞ்சு எப்படி அங்கே வந்தது? பஞ்சே வரவில்லையென்றால் இந்தப் பயத்துக்கு அர்த்தமே இல்லை, ஆகையால் பஞ்சு வரவில்லை என்று நினைத்துப் பார்க்கிறேன், ஆனால் வந்தது, நானேதான் எடுத்துக்கொண்டு வந்தேன். பைப்பில் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது, துடைத்துவிட்டுச் சுற்று என்று ஜாஹிர் சொல்லியிருந்தான், பிரித்துப்போட்ட பஞ்சு ரோல் ஒன்று வீட்டில் அலமாரியில் கிடந்தது, அதைக் கிழித்து மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தேன். மண்ணெண்ணெய். அதை ஏன் இப்போது நினைக்கிறேன், துடைத்த பஞ்சைத் தூர எறிந்துவிட்டேன், அது சாக்கடையோரம் கறுப்பாகக் கிடந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிச்சப் பஞ்சு? ரோலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததே, அது எங்கே போனது? வாளிப் பக்கத்தில் பலகை மேல் வைத்தேன். அப்புறம்? அப்புறம் வேலை முடிந்து கைகழுவும்போது பலகையில் கத்தரிக்கோல் இருந்தது, கிளிப் இரண்டு மிச்சம் இருந்தது, பஞ்சு இருந்ததா? காற்றில் பறந்திருக்கும். எங்கள் வாசலில் என்ன காற்று, துணி காயவே சாயங்காலம் ஆகிறது. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பஞ்சை எந்த நாயடா தின்னும்? துளசிமணி எடுத்து உள்ளே வைத்திருப்பாள், ஆமாம், அவள் எதையும் வெளியில் விடமாட்டாள், எடுத்து வைத்திருப்பாள், இதற்குப்போய் நான் பாட்டுக்கு இங்கே நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறேன், கண்டக்டர் என் முகத்தையே பார்க்கிறார். “வலிக்குதுங்களா?” என்று கேட்டேன். “இல்லீங்க. உங்களுக்குத்தான் வேர்த்து ஊத்துது” என்றார் அவர்.

பஞ்சில்லாத கட்டு பாவம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவசரத்தில் ஒருத்தருக்குப் பஞ்சு போதாமல் கட்டிவிட்டேன், பிரிக்கும்போது கணுக்காலில் காசளவுக்குப் புண், அன்றைக்கு வாங்கிய வசவில் அந்தப் பாடம் மூளைக்குப் போகாமல் நேராகக் கைக்குப் போய்விட்டது. கட்டு என்றால் முதலில் பஞ்சு. பூனைக்குட்டியைக் கொடுத்தாலும் என் கை முதலில் பஞ்சைத்தான் சுற்றும். பழகின கை அப்படித்தான், அதற்கு என் உத்தரவு தேவையில்லை, நான் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது பாட்டுக்கு ஒரு காலைக் கட்டி முடித்துவிடும். அதைப் பெருமையாக நினைத்திருந்தேன், இப்போது இந்தக் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் புத்தி எங்கே இருந்தது? பைப்பில் இல்லை. மேகலாமேல் இருந்தது. எதுக்கு இவள் மலைக்குப் போக வேண்டும், கீழே பள்ளிக்கூடமே இல்லையா, அங்கே குவாட்டர்ஸில் தனியாக இருப்பாளாம், பக்கத்து வரிசையில் கலியாணமாகாத வாத்தியார்கள் இருப்பார்களாம், எனக்குப் பிடிக்கவில்லை, நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை, வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு துளசிமணியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னேன், “பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வெக்கக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.” சொன்னேன். ஐயோ, அதையேதான் சொன்னேன். வாளிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்த மேகலா சிரித்தாள். “இந்தக் காலத்துல பஞ்சு எங்கீங்கப்பா இருக்குது, எல்லாம் பாலியெஸ்டர்” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, கோபமாக இருப்பதுபோல் கையை மட்டும் வெளியே நீட்டி, “ரோல் எடு கண்ணு” என்றேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கினேன், சுற்றினேன்.

ரோல். இந்த அறையில் எல்லாமே ரோல்தான், பஞ்சும் ரோல், மாவுத்துணியும் ரோல், கட்டுத்துணியும் ரோல், எந்த ரோல் என்று யாரும் சொல்வதில்லை, எது எப்போது வேண்டுமென்று எடுத்துக் கொடுக்கிறவருக்குத் தெரியும். மேகலா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு இங்கே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், முதலில் பஞ்சு, அப்புறம் மாவு, வரிசை அவளுக்கு அத்துப்படி, கைநீட்டினால் சரியாக எடுத்துக் கொடுப்பாள், டாக்டர்களே மெச்சுவார்கள். ஹீட் டேப் ஒரே சுருள்தானே. டப்பாவில் ஒன்றுதானே இருந்தது. அப்புறம் எதுக்கு இரண்டு தடவை கேட்டேன்? “ரோல் எடு கண்ணு” என்று ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்து “ம், ரோல்” என்று இன்னொரு தடவை. இரண்டு தடவை கேட்டேன், அவளும் இரண்டு தடவை கொடுத்தாள், அவள் வளையல் சத்தம் இரண்டு தடவை கேட்டது. இல்லை, டேப் கைநழுவி விழுந்திருக்கும், மறுபடி எடுத்துக் கொடுத்திருப்பாள். விழுந்ததா? நினைத்துப் பார். கண்ணை மூடிக்கொண்டேன். முகத்துக்கு மேலே பைப், துருவாசம், முதுகுக்கடியில் சாக்கு, என் வலது கை வெளியே நீண்டிருக்கிறது, உள்ளங்கையில் ஒன்று வந்து உட்காருகிறது. டேப் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது, அது வந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓட வேண்டும். ஓடியது, ஓடியது, சில்லென்று ஓடியது, மேகலாவிடம் “பிழிஞ்சு குடுக்க மாட்டியா” என்றுகூடக் கத்தினேன். அது இரண்டாவது தடவை. முதல் தடவை கை நனையவில்லை. முதல் தடவை என் கைக்கு வந்தது காய்ந்திருந்தது, லேசாக இருந்தது.

மாவு நன்றாகச் சுட ஆரம்பித்துவிட்டது. என் உள்ளங்கைக்கு அடியில் கண்டக்டருடைய கை சுடுகிறது, எனக்கு முதுகு சில்லிட்டுப்போயிற்று. பஞ்சு வைத்துக் கட்டிவிட்டேன். கொதிக்கிற பைப்புக்குப் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டேன், அதுவும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பைப்புக்கு, அதுவும் பெட்ரோல் வண்டிக்கு, அதுவும் அவர்கள் உட்காரும் சீட்டுக்கு அடியில். எந்த முட்டாளும் செய்யாத காரியம், செய்தால் என்னைப்போல் கைதேர்ந்த முட்டாள்தான் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமையே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோமே, எரியவில்லையே? சும்மா நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் ஓடினால் ஈரம்தான் ஆவியாகும். மலையேறும்போது, முதல் கியரில், இரண்டாம் கியரில் இன்ஜின் முக்கி முனகும்போது பைப் பழுத்துச் சிவக்கும், அப்போது தெரியும். சரி, பற்றுவதற்கு முன்னால் புகையும், புகை வந்தால் துளசிமணி நிறுத்திவிடுவாள், அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை, புகையைப் பார்த்தால் யார்தான் நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்று காலை வாசலில் நான் நின்ற நிலை கண்ணுக்கு முன்னால் வந்தது. வேன் ஜன்னலில் கைவைத்துக்கொண்டு, மெக்கானிக் கணக்காகத் தலையை ஆட்டிக்கொண்டு சொல்கிறேன்: “புது டேப்பு, மொதல் ஓட்டத்துல பொகை வரும், தீஞ்ச வாசம் வரும். பயந்து போயி நிறுத்தீராதே. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்கு நின்னுக்கும். நீ பாட்டுக்கு ஓட்டு.” ஜாஹிர் சொன்னதுதான், உண்மைதான், புது டேப் புகையத்தான் செய்யும். துளசிமணி தலையாட்டினாள். மற்ற விஷயத்தில் நான் சொன்னால் பத்துக் கேள்வி கேட்பவள் இதற்கு மட்டும் சரிங்க என்றாள். தப்பிப்பதற்கு ஒரே ஒரு கதவு இருந்தது, அதையும் நானே வெளியிலிருந்து சாத்திவிட்டு டாட்டா காட்டினேன்.

“ஏனுங்க,” என்றேன், “என்ற சட்டப்பையில ஃபோனிருக்குது. உங்க இடது கையில கொஞ்சம் எடுக்க முடியுங்களா? அவசரம்.” கண்டக்டர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல மனுஷன், படிக்கட்டில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வந்திருப்பவர், கிட்டுசாமி என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது, என் மேலங்கியை விலக்கி ஃபோனை எடுத்தார். “திரையில ல மாதிரி இழுங்க, தொறந்துக்கும்” என்றேன். இழுத்தார். துளசி என்று இருக்கும் என்றேன். போட்டு ஸ்பீக்கரை வைத்தார். நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார். இந்தப் பெண்பிள்ளை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாள், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல். மேகலான்னு இருக்கும், அதைப் போடுங்க. அதற்கும் அந்த ரெக்கார்டுக்காரியே வந்தாள். “எங்க போயிட்டிருக்கறாங்க?” என்று கேட்டார் கிட்டுசாமி. வால்பாறைக்கு என்றேன், வண்டியில் கோளாறு, அவர்களுக்குத் தெரியாது, புகை வந்தாலும் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தச் சொல்ல வேண்டும். “என்ற ரூட்டுத்தானுங்க அது,” என்றார் அவர், “எப்பக் கெளம்புனாங்க?” சொன்னேன். கொஞ்சம் கணக்குப் போட்டார், அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “ஆழியாறு தாண்டி ஏறியிருப்பாங்க. வளைவுல திரும்பும்போது டவர் கெடைக்கும், உள்ள போனா போயிரும். எடையில உட்ற வேண்டாமுங்க, அடிச்சுட்டே இருக்கலாம்” என்று சொல்லி ஒற்றைக் கட்டைவிரலால் அடித்துக்கொண்டே இருந்தார். அப்பால் இருக்கிறார். அப்பால் இருக்கிறார். அப்பால் என்றால் எங்கே அம்மா, எந்தப் பக்கம் அப்பால், வாயைக் கழுவு.

கையை விட்டுவிட்டு ஓடலாமா? ஓடி எங்கே போவேன், ஸ்கூட்டரில் மலையேறியா? வெளியே போய்ப் போலீசுக்கு, செக்போஸ்டுக்கு, யாருக்காவது சொல்லலாம், ஆனால் விட்டால் இந்த மனுஷனுடைய எலும்பு விலகும், விலகினால் கோணலாகக் கூடும், அப்புறம் டிக்கெட் கிழிக்கிற கையா அது? விலகட்டுமே. என்ற பொண்டாட்டி பிள்ளையைவிட இவர் மணிக்கட்டா பெரிது? நினைத்த மாத்திரத்தில் விரல் தளர்ந்தது, உள்ளே எலும்பு லேசாக நகர்வது தெரிந்தது, கிட்டுசாமி பல்லைக் கடித்தார், ஆனால் கட்டைவிரலை நிறுத்தவில்லை, எனக்காக அடித்துக்கொண்டே இருந்தார். மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலும் வேன் ஏறிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு வளைவாக, துளசிமணி கியரை மாற்றுகிறாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவாள், பாட்டுப் போட்டிருப்பாள், பின்னால் மெத்தை, மெத்தையும் பஞ்சு, எல்லாம் பஞ்சு, தலையணை, உடுப்பு, புத்தகம், ஒரு பொறி போதும். பக்கத்துக் கதவு இழுக்கிற கதவு, சில சமயம் சிக்கிக்கொள்ளும், கிரீஸ் போடச் சொல்லி எத்தனை தடவை சொன்னாள், நாளைக்கு நாளைக்கு என்றேன். முன்கதவு சிக்காது, முன்கதவு நன்றாகத் திறக்கும், அவர்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் என்றால் நெருப்புக்கு மேலேயே. சாமி, மாசாணியாத்தா, எனக்கு என்ன வேண்டுமானாலும் செய், இந்த இரண்டு கையையும் எடுத்துக்கொள், இனிமேல் ஒரு பஞ்சைத் தொடமாட்டேன். கையை எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன பிரயோசனம், சாமி என்ன செய்யும் என் கையை வைத்துக்கொண்டு, பேத்துகிறேன். அப்பால் இருக்கிறார் என்று அவள் மறுபடி சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மணி அடித்தது.

“அப்பா,” என்றாள் மேகலா. காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. “அப்பா, ஏறிட்டிருக்கறமுங்கப்பா. நீங்க சொன்ன மாதிரியே பொகை வருது. செம வாசம், கண்ணெல்லாம் எரியுது. அம்மா கண்ணாடிய எறக்கி உட்டுட்டு ஓட்டறாங்க.” நிறுத்து என்றேன். சத்தம் வரவில்லை. வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. கிட்டுசாமிதான் ஃபோனைத் தன் வாய்ப்பக்கம் திருப்பி, பஸ்ஸில் கத்துகிற குரலில், “நிறுத்துங்கம்மா, வண்டிய நிறுத்துங்க, எறங்குங்க” என்று கத்தினார். யாருங்கப்பா அது என்று அவள் கேட்கிறாள், அதற்குள் எனக்குக் குரல் வந்துவிட்டது. “கண்ணு, அம்மாவ நிறுத்தச் சொல்லு. அப்படியே நிறுத்து. அது டேப்புப் பொகை இல்ல. எறங்கி ஓடு, எதையும் எடுக்க வேண்டாம், ஓடு.” துளசிமணி குரல் தூரத்தில் கேட்டது, “நடு வளைவுல எங்கடி நிறுத்தறது, பின்னால பஸ்ஸு வருது, நிறுத்த வேண்டாம்னு காத்தால அவருதான சொன்னாரு.” துளசி, நிறுத்து, உன் காலில் விழுகிறேன், நிறுத்து என்று கத்தினேன், வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். பிரேக் சத்தம். கதவு சத்தம், ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் ஃபோன் எதிலோ உரசுகிற சத்தம், மூச்சு, செருப்புச் சத்தம், மூச்சு. பேசு கண்ணு, பேசு கண்ணு. “எம் பையுங்கப்பா, சர்ட்டிபிகேட் எல்லாம் உள்ள” என்று அவள் சொல்வதும், “உட்றி, வாடி” என்று துளசிமணி அவளை இழுப்பதும் கேட்டது. ஹாரன் அடிக்கிறார்கள். யாரோ ஆம்பிளைகள் ஓ என்று கத்துகிறார்கள். பிறகு பொத்தென்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, பாயை உதறினால் வருமே, அவ்வளவுதான். கிட்டுசாமி ஃபோனை என் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

“ஏனுங்க.” துளசிமணி. உயிரோடு இருக்கிறாள், ஏனுங்க என்கிறாள். “எரியுதுங்க. சீட்டெல்லாம் புடிச்சு எரியுது. நாங்க ரெண்டு பேரும் தள்ளி வந்துட்டம், பஸ்காரங்க கூட இருக்கறாங்க, ஒண்ணும் ஆகல, ஒரு சிராய்ப்புக்கூட இல்ல.” அழுகிறாளா மூச்சு வாங்குகிறாளா தெரியவில்லை. “இன்னும் ஒரு வளைவு போயிருந்தா முடிஞ்சிருக்குமுங்க. நான் நிறுத்தியிருக்கவே மாட்டேன். எப்பிடிங்க, எங்கியோ ஆஸ்பத்திரில இருந்துக்கிட்டு, உங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?” கிட்டுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதெல்லாம் கடவுள் சொல்றதுங்கம்மா” என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார், கோயிலில் பூசாரியைப் பார்க்கிற பார்வை. பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. எரிந்ததில் பஞ்சு எது, சாம்பல் எது என்று யாருக்குத் தெரியப்போகிறது, மனசுக்குள்ள ஏதோ தட்டுச்சு துளசி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்வாள். நாக்குநுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் எப்பிடிங்க, எப்பிடிங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், என்னால் தாங்க முடியவில்லை. “டேப்புக்கு அடியில பஞ்சு வெச்சுக் கட்டிட்டேன் துளசி,” என்றேன், “கட்டுக்கு வெக்கற மாதிரி. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.” அந்தப் பக்கம் எதுவோ படபடவென்று எரிவது கேட்டது. “பஞ்சா?” என்றாள். அவள் திட்டட்டும், ஊரைக் கூட்டித் திட்டட்டும், நான் காத்துக்கொண்டிருந்தேன், அப்போது மேகலா அவள் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

“அப்பா, நாந்தானுங்கப்பா எடுத்துக் குடுத்தேன்.” இல்லை கண்ணு, நான்தான் பார்க்காமல் வாங்கினேன், உனக்கு என்ன தெரியும் என்றேன். “தெரியுமுங்கப்பா. பஞ்சுன்னு பாத்துட்டுத்தான் குடுத்தேன். நெருப்புப் பைப்புக்குப் பஞ்சான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். அப்பாவுக்குத் தெரியாததான்னு குடுத்துட்டனுங்கப்பா.”